பழைய பள்ளிக்கூடத்தை வீடாக வாங்கும் முன்

இங்கிலாந்தின் கிராமங்களில் விற்பனைக்கு வரும் பழைய பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு "வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் முதலில் காட்டுவது, சுவரின் அடியில் பூத்துக் கிடக்கும் ஓதத்தை. கட்டட ஆய்வாளனாகிய நான் முதலில் பார்ப்பது செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தை. விக்டோரியா காலத்துப் பள்ளிகளில் நான் காணும் ஓதத்தில் பெரும்பகுதிக்கு விக்டோரியா காலத்துக் கொத்தனார் பொறுப்பல்ல. பின்னால் வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்புதான் காரணம்.

இந்தக் கட்டடங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பது தற்செயலல்ல. பள்ளிக் கட்டடங்களுக்கென்று 20,000 பவுண்டு அரசு மானியம் முதன்முதலில் 1833இல் வந்தது. 1839இல் அமைந்த கல்விக் குழு அடுத்த ஆண்டே மாதிரி வரைபடங்களை அச்சிட்டது. ஊர்ப் பாதிரியாரும் நிலக்கிழாரும் சேர்ந்து கட்டினாலும், மானியம் வேண்டுமென்றால் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகவே நீண்ட ஒற்றைக் கூடம், செங்குத்தான ஸ்லேட் கூரை, முகப்பில் கோதிக் பாணி ஜன்னல், முகட்டில் சிறு மணிக்கூண்டு, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி வாசல், ஒட்டினாற்போல் ஆசிரியர் வீடு என்ற அமைப்பு ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வரும். யார்க்‌ஷரில் உள்ள பால்டர்ஸ்பி செயின்ட் ஜேம்ஸ் கிராமத்தில் கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட் 1850களில் தேவாலயம், பள்ளி, ஆசிரியர் வீடு, குடியிருப்புகள் அனைத்தையும் தாமே வடிவமைத்தார். எல்லா ஊருக்கும் பட்டர்ஃபீல்ட் கிடைக்கவில்லை. ஆனாலும் உள்ளூர் மேஸ்திரி கட்டியவையும் பலவிடங்களில் நேர்த்தியாகவே நிற்கின்றன.

கூடம் ஏன் அவ்வளவு உயரம் என்று வாங்குபவர்கள் வியக்கிறார்கள். பாதியில் ஒரு தளம் போட்டால் இரண்டு படுக்கையறை கிடைக்குமே என்றும் கணக்குப் போடுகிறார்கள். உயரம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. 1870களின் விதிகள் குழந்தை ஒன்றுக்கு 8 சதுர அடித் தரையும் 80 கன அடிக் காற்றும் கேட்டன. மழையில் நனைந்த உடையோடு ஒரே கூடத்தில் அடைந்திருக்கும் பிள்ளைகள், ஒரு மூலையில் நிலக்கரிக் கணப்பு; வெப்பக்காற்று மேலே போக இடம் வேண்டும். அதனால்தான் முகட்டில் காற்றுப்போக்கி, சுவரில் காற்றுத் துளைகள், சில இடங்களில் வெளிக்காற்றை மேல்நோக்கிச் செலுத்தும் டோபின் குழாய்கள். பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்க்காதபடி ஜன்னல் விளிம்பைத் தலைக்கு மேல் வைத்தார்கள். (இன்று அதே ஜன்னலைத் தரைவரை வெட்டலாமா என்பது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி. முகப்பின் உயிரே போய்விடும், வேண்டாம் என்பது என் பதில்.)

இப்போது சாந்துக்கு வருகிறேன். சுவர் திடச் செங்கல் அல்லது கல், சாந்து சுண்ணாம்பு. மழை நீர் கொஞ்சம் உள்ளே இறங்கும், வெயிலும் காற்றும் வந்ததும் அந்தச் சுண்ணாம்பு வழியாகவே வெளியேறும். அதன்மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் செங்கலுக்குள்ளேயே தங்கும்; பனி உறையும்போது செங்கலின் முகம் செதிள் செதிளாக உதிரும். கூடவே தோட்ட மண்ணைச் சுவரோரம் உயர்த்தி, மரத்தரைக்குக் கீழே காற்று போகும் துளைகளை அடைத்திருப்பார்கள். பிறகு ஒருவர் ஈரமானியைக் குத்திப் பார்த்து, "அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது, ரசாயனம் ஏற்ற வேண்டும்" என்று மதிப்பீடு தருவார். அந்தக் கருவி மரத்தின் ஈரத்தை அளக்க அமைக்கப்பட்டது. சுவரில் உப்பு இருந்தாலே முள் எகிறும். ஊசி போட ஒப்புக்கொள்ளும் முன் மண்ணைத் தாழ்த்துங்கள், துளைகளைத் திறங்கள், மழைநீர்க் குழாயைச் சரிசெய்யுங்கள், ஒரு குளிர்காலம் பொறுங்கள்.

பள்ளிக் கூரையும் ஆசிரியர் வீட்டுக் கூரையும் சேரும் கூடுவாயைக் கட்டாயம் பாருங்கள். அங்குள்ள ஈயத் தகடு கிழிந்தால் நீர் உத்திரத்தின் முனையை அரிக்கும், கீழே யாருக்கும் தெரியாது. பள்ளியும் வீடும் தனித்தனியாக விற்கப்பட்டிருந்தால் அதைப் பழுதுபார்க்க வேண்டியவர் யார் என்று பத்திரத்தில் தேடுங்கள்.

பத்திரம் என்றதும் இன்னொன்று. 1841ஆம் ஆண்டின் பள்ளி நிலச் சட்டத்தின் கீழ் நிலக்கிழார்கள் ஓர் ஏக்கர் வரை தானமாகத் தர முடிந்தது. பள்ளி நின்றுபோனால் நிலம் தந்தவரின் எஸ்டேட்டுக்கே திரும்பும் என்பது அன்றைய விதி. 1987இல் வந்த சட்டம் அந்த உரிமையை அறக்கட்டளைப் பொறுப்பாக மாற்றியது; அதாவது நிலம் தானாகத் திரும்பாது, ஆனால் அதை வைத்திருப்பவர் திரும்பப் பெற வேண்டியவர்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்க வேண்டும். மூலப் பத்திரத்தில் 1841 என்று கண்டால் வழக்கறிஞர் அதைக் கடந்து போக விடாதீர்கள்.

கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதை பழமையான கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இருந்தால், உள்ளே தளம் போடுவதற்கும் உள்ளாட்சியின் அனுமதி தேவை. அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றம். வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் பழைய கழிப்பறை வரிசைக்கும் விளையாட்டுத் திடலின் மதிலுக்கும் அந்தப் பாதுகாப்பு பொதுவாக நீளும். முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் இடித்திருந்தாலும், சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரலாம்.

சிமென்டை எடுக்க முடிவு செய்தால் கொத்தனார் எந்தக் கருவியைக் கொண்டுவருகிறார் என்று கேளுங்கள். மின்சார அறுப்பான் செங்கலின் ஓரத்தைத் தின்றுவிடும். உளியும் சுத்தியும்தான் சரி. கெட்டியாக ஒட்டியிருக்கும் சிமென்டைப் பெயர்த்தால் செங்கலும் உடன் வரும் என்றால், அந்தப் பகுதியை அப்படியே விடுவது மேல். புதுச் சுண்ணாம்புக்குப் பனி ஆகாது. வேலையை இளவேனிலில் தொடங்கி இலையுதிர் காலத்துக்குள் முடிக்கும்படி ஒப்பந்தம் எழுதுங்கள்.