அப்பாவின் முன்னால் கேமராவை வைக்கும் முன்

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல் வந்து உட்காருவார். கூட வந்த மகன் சொல்வான்: "அப்பாவின் சின்ன வயசு அனுபவங்களைப் புத்தகமாப் போடலாம்னு பேச வெச்சோம் டாக்டர். அன்னையிலிருந்து இப்படித்தான்."

நல்ல எண்ணம்தான். ஆனால் எதைக் கிளறுகிறோம் என்று தெரிய வேண்டாமா? 1974இல் பேரரசர் ஹைலே செலாசியை ராணுவம் இறக்கியபோது இவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகள். 1977இல் சிவப்புப் பயங்கரம் தொடங்கியது, ராணுவ ஆட்சி தன் எதிரிகளைக் கொன்று குவித்த காலம் அது. ராத்திரி கெபெலே (பேட்டை நிர்வாகக் குழு) காவலர்கள் கதவைத் தட்டி அண்ணனையோ அக்காவையோ இழுத்துப் போனார்கள். காலையில் உடல் தெருவில் கிடந்தது. அந்த உடலை வாங்க, சுட்ட தோட்டாவுக்குக் காசு கேட்டார்கள். ஊரே கூடி, கூடாரம் போட்டு, நாள்கணக்கில் அழும் நாட்டில் வாய்விட்டு அழத் தடை. அம்மாவே பிள்ளையின் வாயைப் பொத்தினாள். கிழக்கே ஜிஜிகா பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதே ஆண்டு சோமாலியப் படையெடுப்பும் சேர்ந்துகொண்டது.

எனக்கு மிகவும் கோபம் வருவது "மனசுல இருக்கறதைக் கொட்டிட்டா பாரம் இறங்கிடும்" என்ற பேச்சில்தான். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இறங்காது. அதிர்ச்சி நடந்த கையோடு ஒருவரை உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே தன் வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. பழைய காயத்துக்கும் அதே நிதானம் வேண்டும் என்பது என் அனுபவம். கதவு தட்டிய சத்தம் அவருக்கு 1977இல் கேட்டதாக இல்லை, இப்போது கேட்கிறது. வழி தெரியாமல் பேசவைத்தால் அந்த ராத்திரிக்குள்ளேயே அவரைத் திரும்ப அனுப்புகிறீர்கள்.

அப்படியானால் பேசவே கூடாதா? பேசலாம், முறை இருக்கிறது. தரையில் ஒரு கயிற்றை விரிப்போம். அதுதான் அவர் வாழ்க்கை. நல்ல நாளுக்குப் பூ, கொடுமை நடந்த இடத்தில் கல். பிறந்ததிலிருந்து வரிசையாக, பல அமர்வுகளில், ஒவ்வொரு கல்லிலும் பொறுமையாக நின்று பேசுவோம். உகாண்டா முகாமில் இருந்த சூடான் அகதிகளிடம் இந்தக் கதைமுறைச் சிகிச்சையைச் செய்து பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்தும் அதிர்ச்சியால் வந்த மனநோய் (PTSD) நீடித்தது இந்த முறையில் 29 சதவீதத்தினருக்கு. வெறும் ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களில் 79 சதவீதத்தினருக்கு.

வீட்டில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றால் முதலில் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், புத்தகம் காத்திருக்கும். ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். சாவிலிருந்து தொடங்காமல் பள்ளிக்கூடம், விளையாட்டு, பாட்டி வீடு என்று தொடங்குங்கள். "அப்புறம் என்ன ஆச்சு? நீங்களே பார்த்தீங்களா?" என்று நோண்டாதீர்கள். வியர்த்தாலோ பார்வை நிலைகுத்தினாலோ உடனே நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன தேதி, எந்த இடத்தில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். காட்டிக்கொடுத்தவர் இன்னும் அதே தெருவில் இருக்கலாம், அதனால் அவர் சம்மதிக்காத எந்தப் பெயரையும் அச்சேற்றாதீர்கள்.

குணமாகும் என்று நம்பித் தேவாலயப் புனித நீருக்குக் கூட்டிப்போவதை நான் தடுப்பதில்லை. மாத்திரையை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றே அழைத்து வாருங்கள்.