பத்து ரூபாய் பாட்டிலைக் குப்பைப் பையில் போடாதீர்கள்

நான் கை அறுவை சிகிச்சை மருத்துவர். குப்பையைப் பற்றி நான் எழுதக் காரணம், விரலிலும் உள்ளங்கையிலும் வெட்டுப்பட்டு எங்களிடம் வருகிற தூய்மைப் பணியாளர்கள். எப்படி ஆச்சு என்று கேட்டால் "பாட்டில் சார்" என்பார்கள். பெரும்பாலும் வீட்டுக் குப்பைக்குள் கிடந்த உடைந்த மது பாட்டில்.

கண்ணாடி வெட்டு வெளியே பார்க்கச் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் விரலில் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே விரலை மடக்குகிற தசைநாண் இருக்கிறது, அதன் இரண்டு ஓரமும் உணர்வு நரம்புகள் ஓடுகின்றன. ரத்தம் நின்றுவிட்டதே என்று துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வேலையையும் முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் காபித்தூளை அப்பிக் கட்டி, பத்து நாள் கழித்து "விரல் மடங்க மாட்டேங்குது" என்று வருகிறவர்கள் உண்டு. அதற்குள் அறுந்த தசைநாணின் முனை உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இன்னும் தாமதமானால் நேரடியாகத் தைக்க முடியாமல் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைக்க வேண்டி வரலாம். நேரத்துக்கு வந்து தைத்தாலும் ஏறக்குறைய 6 வாரம் கட்டு, கூடவே பிசியோதெரபி, பாரம் தூக்க 3 மாதம் ஆகும். ஒப்பந்தத்தில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறவருக்கு அந்த 3 மாதச் சோறு எங்கிருந்து வரும்?

கையுறை போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். மெல்லிய கையுறையைக் கண்ணாடி கிழித்துவிடும். தடித்ததைப் போட்டால் வெயிலில் கை வேர்த்து, பொருளைப் பிடிக்க முடியாமல் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பாட்டில் அந்தப் பைக்குள் வராமல் இருப்பதுதான் வழி.

அது ஏன் வருகிறது என்பதையும் பேசியாக வேண்டும். 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லின. பால் கவரையும் அட்டைப்பெட்டியையும் ஒழுங்காகப் பிரித்து வைக்கிற வீட்டிலிருந்துகூட மது பாட்டில் மட்டும் கறுப்பு கவரில் சுற்றி, காய்கறித் தோலுக்கு அடியில் ஒளிந்துதான் வெளியே போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரே, மாமியாருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். அந்தப் பையை அழுத்துகிற கைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. குப்பையை அழுத்தி நசுக்குகிற காம்பேக்டர் லாரிக்குள் போய்விட்டாலோ முழுப் பாட்டிலும் சில்லு சில்லாகிவிடும், அதற்குப் பிறகு அதை யாரும் பத்திரமாகப் பிரிக்கவே முடியாது.

காலி பாட்டிலுக்கு ஒரு விலை வைத்தால் நிலைமை மாறும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பத்தில் ஒன்பது பாட்டில்களுக்கு மேல் திரும்பி வந்ததாக டாஸ்மாக் தரப்புக் கணக்கே சொன்னது. பிறகு கோவை, பெரம்பலூர் என்று வேறு மாவட்டங்களுக்கும் போனது. (பெட்டிக்கடையில் கோலி சோடாவும் பொவண்டோவும் குடித்துவிட்டுப் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்த தலைமுறைக்கு இது புதிதும் இல்லை.)

ஆனால் பெருநகரத்தில் இது மட்டும் போதாது என்று உறுதியாகச் சொல்வேன். குடித்ததை மறைக்க நினைக்கிறவர் பத்து ரூபாய்க்காகக் காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போவாரா? போகிறவர்கள் உண்டு, போகாதவர்களும் நிறைய. கடை ஊழியர்களோ ஆள் போதவில்லை, அடுக்கி வைக்க இடமில்லை என்று எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே முன்பணம் கட்டிய பாட்டிலை வீட்டுக் குப்பையிலிருந்து தனியே வாங்க வேண்டிய கடமையைச் சென்னை, கோவை, மதுரை போன்ற மாநகராட்சிகளுக்கும் சட்டத்தில் எழுத வேண்டும். பேட்டரி வண்டியில் பாட்டிலுக்கென்று தனிப் பெட்டி, காம்பேக்டரில் கண்ணாடி ஏற்றத் தடை, அப்புறம் முக்கியமாக, அப்படிச் சேர்கிற பாட்டிலின் 10 ரூபாய் அதை எடுத்த பணியாளருக்கே போக வேண்டும். ஒப்பந்ததாரருக்கு இல்லை.

ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில், டின்களுக்கு முன்பணம் உண்டு, இப்போது 25 சென்ட். அங்கேயும் வறியவர்கள் பாட்டிலைத் தேடிக் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுக் காயம்பட்டார்கள். அதனால் தொட்டியின் வெளிப்பக்கம் பாட்டில் நிறுத்த ஒரு வளையத்தைச் சில நகரங்களில் மாட்டிப் பார்த்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்துவிட்டுப் போவதும் அங்கே பலருக்குப் பழக்கம். இதைச் செய்ய நமக்கு என்ன தடை?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுக்குமாடிச் சங்கங்கள் மாடிப்படிக்குக் கீழே, யார் போட்டார்கள் என்று யாரும் கவனிக்காத இடத்தில், ஒரு பிளாஸ்டிக் கிரேட் வைக்கலாம். தனி வீட்டுக்காரர்கள் பாட்டிலைக் கறுப்பு கவரில் சுற்றாமல் நிற்க வைத்துக் கையில் கொடுங்கள். உடைந்துவிட்டால் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

உங்கள் தெருவில் யாருக்காவது கை வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். ஆழமாகக் குத்தி நிற்கிற துண்டைப் பிடுங்காதீர்கள், அதை அழுத்தவும் வேண்டாம். காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். விரல் மடங்கவில்லை, நுனி மரத்துப்போகிறது என்றால் வெட்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே தங்கிய கண்ணாடித் துண்டு பெரும்பாலும் தெரிந்துவிடும், டெட்டனஸ் ஊசியும் போட்டுவிடுவார்கள்.