சுக்கான்: சொல் விளக்கம்

காரைக்குடிப் பக்கம் சுக்கான் என்றதும் கல்தான் நினைவுக்கு வரும். கிணறு வெட்டும்போது கடப்பாரைக்கு மசியாத சுக்கான் பாறை, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சுக்கான் கல். கப்பலைத் திருப்பும் சுக்கான் வேறு சொல், எழுத்து மட்டுமே ஒன்று. அது அரபியிலிருந்து கடல் வாணிகத்தோடு தமிழுக்கு வந்தது. அங்கும் இதே ஒலி, இதே பொருள். அதை இயக்குபவர் சுக்கானி. பாரசீக வழியாக வந்த இச்சொல்லைத்தான் ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் 'சீகன்னி' என்று திரித்தார்கள். கொண்டுவிக்க (வெளிநாட்டில் வாணிகம் செய்ய) பர்மாவுக்குப் போன நகரத்தார் காலத்துத் துறைமுகங்களில் புழங்கிய சொல் இது.

சுக்கான் என்பது கப்பலின் பின்புறம், நீருக்குள் செங்குத்தாக நிற்கும் தகடு. அதை வலப்பக்கம் திருப்பினால், ஓடும் நீர் அதில் மோதிப் பின்புறத்தை இடப்பக்கம் தள்ளும்; முகப்பு வலப்பக்கம் திரும்பும். தகட்டைக் கடந்து நீர் ஓடவில்லையென்றால் சுக்கானுக்கு வேலையே இல்லை. மாலுமி பிடிக்கும் சக்கரத்தைச் சுக்கான் என்று எழுதுவது தவறு. அது சுக்கான் சக்கரம்.

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு கட்டாயம் தெரிய வேண்டும். 1969இல் கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வுபெற்று, 2002இல் அருங்காட்சியகமான 91 மீட்டர் நீளக் கப்பல் அது. ஏழு பகுதிகள். முன்பக்க டார்பிடோ அறையிலிருந்து எண்ணினால் மூன்றாவதுதான் கட்டுப்பாட்டு அறை. குழாய்களும் வால்வுகளும் கூரைவரை நெருங்கிக் கிடக்கும்; பெரிஸ்கோப் தண்டு நடுவே இறங்கும். அங்கே சுக்கானைத் தேடாதீர்கள். அறையில் இருப்பது அதை இயக்கும் கருவி, திசைகாட்டி, சுக்கான் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று காட்டும் முள் ஆகியவைதான். நீருக்கடியில் சுக்கானிக்குச் சன்னல் கிடையாது, முள்ளே கண்.

நீர்மூழ்கிக்கு இன்னொரு வகைத் தகடும் உண்டு. முன்னும் பின்னும் கிடையாகப் பொருத்திய இத்தகடுகள் முகப்பைத் தாழ்த்தவும் உயர்த்தவும் செய்யும். ஆங்கிலத்தில் 'ஹைட்ரோபிளேன்'. நீர்த்தகடு என்று பெயர்த்தால் வேலை விளங்காது. கிடைச்சுக்கான் என்பதே பொருத்தம்: அமைப்பையும் சொல்கிறது, செயலையும் சொல்கிறது. இதை இயக்குபவர் ஆழமானியையும் சாய்வுமானியையும் விட்டுக் கண்ணெடுக்க முடியாது. பின் தகடு கீழ்நோக்கிச் சிக்கிக்கொண்டால் முகப்பு கீழ்நோக்கி வேகமாக இறங்கத் தொடங்கும். உடனே வேகத்தைக் குறைத்து, சுழலிகளை (கப்பலை உந்தும் விசிறிகளை) பின்னோக்கி இயக்கி, முன்பக்க நீர்த்தொட்டிகளிலிருந்து அழுத்தக் காற்றால் நீரை வெளியேற்ற வேண்டும். வேகம் மிகக் குறைந்தாலும் இத்தகடுகள் பயன்படா. அப்போது சமனிடும் தொட்டிகளில் நீரை முன்னும் பின்னும் மாற்றித்தான் சரிசெய்வார்கள்.

தூய தமிழ்ச் சொல் வேண்டுவோர் மீகாமனை எடுத்துவருவார்கள். அகநானூறு 255ஆம் பாட்டில் நீகான், அதாவது மீகாமன், மாடத்து விளக்கொளி பார்த்துத் துறையறிந்து வங்கத்தைச் செலுத்துகிறான். அருமையான சொல், ஆனால் அது கப்பலை நடத்துபவரைக் குறிக்கிறது. இன்று அதைச் சுக்கானிக்கு வைத்தால் தலைவரும் அவர் ஆணைப்படி சக்கரம் பிடிப்பவரும் ஒருவராகிவிடுவார்கள். சுக்கான், சுக்கானி இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

குர்சுராவின் சுக்கானைப் பார்க்க, கப்பலை விட்டு வெளியே வந்து பின்புறம் போக வேண்டும். மூன்று சுழலிகள் இருக்கும் இடம் அதுதான்.