உடும்புத் தோல் இல்லாமல் ஒரு கஞ்சிரா

"சார், இது என்ன தோல்?"

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி பக்கம் ஒரு பள்ளியில் சனிக்கிழமைதோறும் கஞ்சிரா சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சின்னத் தோல் வாத்தியம் அது. கேட்டது ஒன்பதாம் வகுப்பு மாணவி. என் கையில் இருந்தது ஆட்டுத்தோல். ஆனால் நான் கற்ற காலத்தில் கஞ்சிரா என்றாலே உடும்புத் தோல்தான் என்று சொன்னதும் வகுப்பு அடங்கிப்போனது. பனங்காட்டில் உடும்பைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் அதே பட்டியலில்தான். பிடிப்பது மட்டுமல்ல, தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. "பழைய ஸ்டாக், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடும்புத் தோல் என்றால் செதில் தடம் வரிசை வரிசையாகத் தெரியும்.

சரி, தோலே இல்லாமல் செய்தால் என்ன என்று பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். வளையத்துக்குப் பலாக்கட்டைக்குப் பதில் அகலமான பிவிசி குழாயை அறுத்துக்கொண்டார்கள். அதன்மேல் பாலியெஸ்டர் தாள். இழுத்துக் கட்ட வீட்டிலிருந்து தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடி நைலான் இழை, வந்தது. முடிச்சு, வலை முடிகிற அதே முடிச்சு. முதல் நாள் விறைப்பாக நின்றது. அடுத்த சனிக்கிழமை தட்டினால் தகர டப்பா மாதிரி லொடலொடவென்றது. நைலான், இழுவையிலேயே இருந்தால் மெல்ல நீண்டுகொடுக்கும். அப்புறம் நரம்பை விட்டுவிட்டு எவர்சில்வர் திருகாணி போட்டார்கள். சாதா இரும்பு இந்த உப்புக்காற்றில் தாங்காது.

அடுத்த சிக்கல் ஓசை. தாள் கிணுகிணுவென்றது, 'தொம்' விழவில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக இருக்கிறதே சோறு, அதைக் காட்டினேன். நடுவில் பாரம் ஏறினால் சிதறிக் கிடக்கும் மேல்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த ஓசைகள்) ஒழுங்குக்கு வருகின்றன என்பதை சர் சி. வி. ராமன் 1920-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் அப்புவது போல ரவையைப் பிசைந்து ஒட்டிப் பார்த்தார்கள், காய்ந்ததும் உதிர்ந்தது. அந்த மாணவிதான் சைக்கிள் பஞ்சருக்கு ஒட்டும் ரப்பர்த் துண்டை வட்டமாக வெட்டித் தாளின் அடியில் ஒட்டினாள். தட்டினேன். அடிவயிற்றிலிருந்து வந்தது 'தொம்'. வகுப்பே கத்தியது.

குறையும் சொல்ல வேண்டும். தோலில் இடது கை விரலை அழுத்தினால் ஓசை வழுக்கிக்கொண்டே மேலேறும். கும்கி என்று நாங்கள் சொல்லும் அந்த வழுக்கல் இதில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தாளை மெல்லியதாக்கினால் நீளுமா என்று இப்போது பார்க்கிறார்கள். ஆனால் ஐப்பசி ஈரத்தில் என் ஆட்டுத்தோல் தொய்ந்து, நான் அதை வெயிலில் காட்டிக்கொண்டிருக்கும்போது, அவர்களுடையது சுருதி அசையாமல் இருந்தது.

கஞ்சிரா கற்க வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ஆட்டுத்தோலோ செயற்கைத் தோலோ போட்டதை வாங்கிக்கொடுங்கள். மேடையில் வாசிப்பவர்களே பலர் அதற்கு மாறிவிட்டார்கள். 'உடும்புதான் நாதம்' என்று ஆசிரியரே சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

போன வாரம் பள்ளிக்குப் பின்னால் உடைமரத்தடியில் ஒரு உடும்பு தலையைத் தூக்கி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஜன்னலில் நெருக்கியடித்துப் பார்த்தார்கள். யாரும் கல் எடுக்கவில்லை.