சப்மிட் அழுத்துவதற்கு முன்: அமெரிக்காவில் பொழுதுபோக்காக விமானம் ஓட்ட நினைப்பவர்களுக்கு

நண்பர் ஒருவரின் மகனுக்கு, பதினாறு வயது முடிந்த அன்றே தனியாக விமானம் ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை. அமெரிக்கச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தார். மெட்எக்ஸ்பிரஸ் என்ற மருத்துவப் படிவத்தை அரைமணி நேரத்தில் நிரப்பினார். அடுத்த வாரமே விமானத்துறை டாக்டரிடம் பையனை அழைத்துப் போய்விட்டார். மூன்றாம் வகுப்பில் பையனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) என்று சொல்லி ஓராண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதையும் நேர்மையாக எழுதியிருந்தார். டாக்டர் கண், காது, இதயம் எல்லாம் பார்த்துவிட்டு, "பையன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் இந்த ஒரு வரி இருக்கும்போது நான் கையெழுத்துப் போட முடியாது. ஓக்லஹோமா சிட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்றார். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் மருத்துவப் பிரிவு அங்கேதான் இருக்கிறது.

அன்று ராத்திரி எனக்குப் போன். "என்னங்க, எட்டு வயசுல சாப்பிட்ட மாத்திரைக்கு இவ்வளவு கூத்தா?"

கூத்துதான். ஆனால் அவர் வருத்தப்பட்டது பாதி விஷயத்துக்கு மட்டும். மெடிக்கல், அதாவது பறக்க உடல்தகுதி உண்டு என்ற சான்றிதழ், கிடைக்காமல் போனதோடு, மெடிக்கலே இல்லாமல் பறக்க இருந்த வழியும் அன்று அடைபட்டுப்போனது என்பது அவருக்குத் தெரியாது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்காகப் பறப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது இரண்டில் ஒன்று. முதலாவது பிரைவேட் பைலட்: குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், முதல் முறை எஃப்.ஏ.ஏ. மெடிக்கல் கட்டாயம். இரண்டாவது ஸ்போர்ட் பைலட்: குறைந்தது 20 மணி நேரம், மெடிக்கலுக்குப் பதிலாக உங்கள் மாநில டிரைவிங் லைசென்ஸே போதும். இந்த இரண்டாவது வகை 2004-இல் வந்தது. அப்போது இரண்டு சீட் உள்ள சின்ன விமானங்களை மட்டும்தான் ஓட்டலாம் என்பதால் பலர் அதைச் சீண்டவே இல்லை. 2025 அக்டோபர் 22 முதல் மொசைக் என்ற புதிய விதி நடைமுறைக்கு வந்து, எடை வரம்பை எடுத்துவிட்டது. இறக்கையின் பின்மடலான ஃப்ளாப்பை இறக்காத நிலையில் விமானத்தின் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது என்ற வேகம், 59 நாட் (மணிக்குச் சுமார் 109 கி.மீ.) அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், சீட் நான்குக்கு மேல் போகக் கூடாது, இதுதான் முக்கியக் கணக்கு. ஊரெங்கும் பயிற்சிக்கு வைத்திருக்கும் செஸ்னா 172 இதற்குள் வந்துவிடுகிறது. ஆக, டிரைவிங் லைசென்ஸ் வழி இப்போது உண்மையிலேயே பயன்படும் வழி.

இனி பொறிக்கு வருவோம். டிரைவிங் லைசென்ஸை மெடிக்கலாகக் காட்ட வேண்டுமானால், நீங்கள் கடைசியாக மெடிக்கலுக்கு விண்ணப்பித்தபோது தகுதியானவர் என்று முடிவாகியிருக்க வேண்டும். விண்ணப்பித்தே இல்லை என்றால் இந்த நிபந்தனையே கிடையாது. இன்னொரு முறை படியுங்கள். விண்ணப்பிக்காதவர் பறக்கலாம். விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் பறக்கக் கூடாது. விண்ணப்பித்து, பதில் வராமல் கோப்பு தூங்கிக்கொண்டிருந்தாலும் பறக்கக் கூடாது, ஏனென்றால் "தகுதியானவர்" என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அதே உடம்பு, அதே பையன், அதே விமானம். கேட்டதுதான் குற்றம் என்பதுபோல ஒரு விதியை இத்தனை வருடமாக மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். மெட்எக்ஸ்பிரஸ் படிவத்தை நிரப்பி அனுப்பினால் ஒரு எண் வரும். அந்த எண்ணை வைத்து டாக்டர் தன் கணினியில் படிவத்தைத் திறக்கும் வரை விண்ணப்பம் உயிர் பெறாது. 60 நாள் யாரும் தொடாமல் கிடந்தால் தானாக அழிந்துவிடும். டாக்டர் திறந்துவிட்டால் பின்வாங்க வழியில்லை: பாஸ், மறுப்பு, ஓக்லஹோமா சிட்டி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். பாதியில் எழுந்து வந்தாலும் அது கணக்கில் ஏறிவிடும். எனவே, மருத்துவ வரலாற்றில் சின்னச் சந்தேகம் இருந்தாலும் டாக்டரிடம் முதலில் "கன்சல்டேஷன் மட்டும் வேண்டும், மெடிக்கல் இப்போது வேண்டாம்" என்று அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். எண்ணைக் கொடுக்காதீர்கள். வரவேற்பில் இருப்பவர் "எண் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்" என்பார். கொடுக்காதீர்கள்.

சந்தேகம் என்றால் எது? நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்பவை: பிள்ளைகளின் பழைய ஏ.டி.ஹெச்.டி. முடிவு, கவலைக்கோ மனச்சோர்வுக்கோ எப்போதோ எடுத்த மாத்திரை, ஊரில் இருந்தபோது ஒருமுறை மயங்கி விழுந்தது, இதயத்தில் வைத்த ஸ்டென்ட், இன்சுலின் போடும் சர்க்கரை நோய். இவற்றில் பலவற்றுக்கு இன்று மெடிக்கல் கிடைக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டே பறக்க அனுமதி உண்டு. ஏ.டி.ஹெச்.டி.க்கு, கடந்த நான்கு ஆண்டுகளாக மாத்திரையும் அறிகுறியும் இல்லாதவர்களுக்கென்று ஒரு குறுக்குவழியே வைத்திருக்கிறார்கள். அதில் சேராதவர்கள் தனிப்பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் நீண்ட பரிசோதனைக்குப் போக வேண்டும், செலவு ஆயிரக்கணக்கான டாலர். கிடைக்குமா கிடைக்காதா என்பதைவிட, எந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதுதான் மாதங்களைத் தீர்மானிக்கிறது. பள்ளிக் குறிப்பு, பழைய மருத்துவர் கடிதம், மருந்துக்கடைப் பட்டியல் எல்லாம் முன்பே சேர்ந்திருந்தால் கோப்பு ஒரே தடவையில் போகும். நண்பர் வெறும் கையோடு போனார்.

"அப்படியென்றால் எழுதாமல் விட்டுவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது?" ஹேங்கரில் காபி குடிக்கும் பெரியவர்கள் பாதிப் பேர் இந்த யோசனையைத்தான் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது செல்லுபடியாகியிருக்கலாம். பொய் எழுதினால் 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. 2023-இல், முன்னாள் ராணுவத்தினருக்கான உடல்நல உதவித்தொகைப் பதிவுகளோடு பைலட்டுகளின் படிவங்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஏறக்குறைய 4,800 பேர் விசாரணைக்குள் வந்த செய்தி வெளியானது. விசா ஸ்டேட்டஸில் இருப்பவருக்கு, அரசுப் படிவத்தில் பொய் என்பது விமானத்தோடு நிற்காது. எழுதாமல் விடுவது வேறு, விண்ணப்பிக்காமலே இருப்பது வேறு. இரண்டாவதுதான் சட்டப்படியான வழி.

அதிலும் ஒரு வரம்பு உண்டு. டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக எந்த நோயோடும் ஏறிவிடலாம் என்று அர்த்தமில்லை. பாதுகாப்பாக ஓட்ட முடியாத உடல்நிலை என்று உங்களுக்கே தெரிந்தால் ஏறக் கூடாது. அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

அடுத்து பேசிக்மெட். "வழக்கமான குடும்ப டாக்டரிடமே கையெழுத்து வாங்கினால் போதுமாம்" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற செய்தி இதைப் பற்றித்தான். 2017 மே மாதத்திலிருந்து இருக்கிறது, நல்ல வசதிதான்: 48 மாதத்துக்கு ஒருமுறை சாதாரண டாக்டர், 24 மாதத்துக்கு ஒருமுறை ஆன்லைன் பாடம். ஆனால் புதிதாக வருபவருக்குக் கிடையாது. 2006 ஜூலை 14-க்குப் பிறகு எப்போதாவது ஒரு எஃப்.ஏ.ஏ. மெடிக்கல் கையில் இருந்திருக்க வேண்டும். அதாவது, நுழைய ஒரு முறை பெரிய வாசலைத் தாண்டியே ஆக வேண்டும். பயிற்சிப் பள்ளி விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை. சிலருக்குத் தெரிவதும் இல்லை.

ஸ்போர்ட் பைலட் வழியில் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு சீட் விமானம் ஓட்டலாம், ஆனால் கூட ஒருவரைத்தான் ஏற்றலாம். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு குடும்பமாகப் பறக்கும் கனவு இதில் நடக்காது. இரவில் பறக்கத் தனிப் பயிற்சி வேண்டும், அதோடு பேசிக்மெட்டோ மெடிக்கலோ வேண்டும், டிரைவிங் லைசென்ஸ் அங்கே செல்லாது. வாடகைக்கு விமானம் தரும் இடங்களின் இன்ஷூரன்ஸ், சட்டத்தைவிடக் கறாராக இருக்கலாம். "ஸ்போர்ட் பைலட்டுக்கு இந்த 172-ஐக் கொடுப்பீர்களா?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு உள்ள தலைவலி. பல மாநிலங்களில் நம் டிரைவிங் லைசென்ஸ் விசா தேதியோடு முடிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் காகிதம் வரும்வரை மோட்டார் வாகன அலுவலக வரிசையில் நிற்கிற அந்த வாரங்களில் காரோடு சேர்த்து விமானமும் நின்றுபோகும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு வந்தவர்கள் அடுத்த மெடிக்கலில் எழுதிக்கொள்ளலாம் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர், தண்டனையோ டிரைவிங் லைசென்ஸ் முடக்கமோ வந்த 60 நாளுக்குள் எஃப்.ஏ.ஏ.வின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டும். மெடிக்கல் படிவத்தில் எழுதுவது அதற்கு ஈடாகாது. ஒரே அலுவலகத்தின் இரண்டு மேஜைகள், ஒன்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்குக் கேட்காது.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு இன்னொரு அலுவலகமும் உண்டு: போக்குவரத்துப் பாதுகாப்பைப் பார்க்கும் டி.எஸ்.ஏ. முதல் பைலட் லைசென்ஸுக்கான பயிற்சியைத் தொடங்குமுன் அவர்களுடைய இணையதளத்தில் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, கட்டணம் கட்டி, அனுமதி வாங்க வேண்டும். கிரீன் கார்டு வந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள், கிரீன் கார்டுக்காரர்களுக்கும் இது உண்டு. ஆசைக்கு ஒரு தடவை இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து பார்க்கும் டிஸ்கவரி ஃப்ளைட்டுக்கு இது தேவையில்லை, அதனால் பள்ளிக்காரர் மறந்துபோய் இரண்டாவது, மூன்றாவது பாடத்தையும் தொடங்கிவிடுவார். "அனுமதி வரட்டும்" என்று நீங்களே நிறுத்துங்கள்.

இங்கேதான் நம் பெயர் நம்மைப் பழிவாங்கும். அப்பா பெயர் இனிஷியலாக இருந்து, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யு", அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று அடித்துவிடுவார்கள். டிரைவிங் லைசென்ஸில் ஒரு வடிவம், டி.எஸ்.ஏ.யில் ஒரு வடிவம், பைலட் விண்ணப்பத்தில் மூன்றாவது வடிவம். என் விண்ணப்பம் இந்த ஒரு காரணத்துக்காக இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை பாஸ்போர்ட்டில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் போட்டேன், போனது. பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து எழுத நினைப்பவர்கள் இந்த வேலையெல்லாம் தொடங்குமுன் அதை முடித்துவிடுங்கள்.

வீடு மாறுபவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும். ஓக்லஹோமா சிட்டியிலிருந்து கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வரும், பெரும்பாலும் 60 நாள் கெடு. பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போன கடிதத்துக்கு யார் பதில் போடுவது? கெடு தாண்டினால் "விவரம் தரவில்லை" என்று மறுத்துவிடுவார்கள். அந்த மறுப்பு, டிரைவிங் லைசென்ஸ் வழியையும் சேர்த்து மூடும். பைலட் லைசென்ஸ் வாங்கியவர்கள் முகவரி மாறிய 30 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பறக்கவே உரிமை இல்லை. ஊரிலிருந்து வர வேண்டிய மருத்துவ ரிப்போர்ட் தாமதமானால், கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் கூடுதல் நாள் கேளுங்கள். போனில் கேட்டதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது.

பெட்ரோல் காசைப் பங்கு போடுவது பற்றி ஒரு வார்த்தை. நண்பர்களோடு போகும்போது எரிபொருள், விமான வாடகை போன்ற செலவைத் தலைக்குச் சமமாகப் பிரிக்கலாம், உங்கள் பங்கை நீங்களும் கட்ட வேண்டும். ஆனால் முந்நூறு பேர் உள்ள தமிழ்ச் சங்கக் குழுவில் "சனிக்கிழமை ஏரிக்கு மேலே ஒரு சுற்று, தலைக்கு இவ்வளவு" என்று போட்டீர்களானால் அது வாடகை விமானச் சேவை விளம்பரம் ஆகிவிடும். கேலிக்குப் போட்டேன் என்பது பதிலாகாது.

நண்பர் இப்போது ஓராண்டுக்கு மேலாகக் கடிதப் போக்குவரத்தில் இருக்கிறார். பையன் சும்மா இல்லை. எஞ்சின் இல்லாத கிளைடருக்கு மெடிக்கலும் வேண்டாம், டிரைவிங் லைசென்ஸும் வேண்டாம், 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம் என்று விமான நிலையத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் கிளைடரை இழுத்துப்போன கயிறு கழன்றதும் தனியாக மேலே போய், பதினோரு நிமிடம் கழித்து இறங்கினான். கோப்பு இன்னும் ஓக்லஹோமா சிட்டியில்தான் இருக்கிறது.