சுமை ஏறியும் தாழாத பின்பக்கம்

124 வரிசை மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்டேட் கார் ஒன்றின் டிக்கியில் கனமான பெட்டிகளை அடுக்கினால், எந்தக் காரையும் போலவே அதன் பின்பக்கமும் தாழும். அப்புறம் ஓட்டுநர் என்ஜினைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் சத்தமில்லாமல் மேலெழுந்து, சுமை ஏற்றுவதற்கு முன்பு இருந்த உயரத்தில் வந்து நிற்கும். இந்த வேலைக்குள் கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது. ஒரு பம்ப், ஒரு வால்வு, கொஞ்சம் ஆயில், இரண்டு உலோகக் குண்டுகள். அவ்வளவுதான்.

இந்தக் கார் 1985 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, பிரேமன் ஆலையில் 1996 வரை தயாரானது. செடானின் கூரையைப் பின்முனை வரை நீட்டி, டிக்கியையும் பயணிகள் அறையையும் ஒன்றாக்கினால் அது எஸ்டேட். பென்ஸ் இதை டி-மாடல் என்று அழைத்தது. டி என்பது டூரிஸ்டிக், டிரான்ஸ்போர்ட் இரண்டுக்கும் பொது எழுத்து: பயணமும் சரக்கும். இரண்டையும் ஒரே காரில் கேட்பது எவ்வளவு கடினமான கோரிக்கை என்பது சஸ்பென்ஷனை, அதாவது காரைச் சக்கரங்களின் மேல் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பைப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு ஸ்பிரிங்கின் மேல் எடையை வைத்தால் அது அமுங்கும். தட்டிவிட்டால் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டம் எவ்வளவு வேகமாக இருக்கும் என்பதை, எடையால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்ற ஒரே அளவை வைத்துச் சொல்லிவிடலாம். 25 செ.மீ. அமுங்கி நின்றால் நொடிக்கு ஒரு முறை ஆடும். நொடிக்கு இரண்டு முறை என்றால் அமுங்கல் வெறும் 6 செ.மீ. சொகுசுக் காரில் மிதப்பது போன்ற உணர்வு வருவது நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேலே இருக்கும் மெதுவான ஆட்டத்தில்தான். நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகள் நம் உடம்புக்கு ஆகவே ஆகாது. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் சேர்ந்து ஆடத் தொடங்கும் வேகம் அது.

ஆக, மென்மையான பயணம் வேண்டுமென்றால் நிறைய அமுங்கும் ஸ்பிரிங் வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை. இப்போது சுமையை ஏற்றுவோம். ஓர் உதாரணக் கணக்கு: பின் ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை 600 கிலோ, அவை 25 செ.மீ. அமுங்கி நிற்கின்றன. பின்னால் 300 கிலோ சரக்கு ஏறினால் எடை பாதி கூடுகிறது. அமுங்கலும் பாதி கூட வேண்டும், அதாவது இன்னும் 12.5 செ.மீ. ஆனால் சக்கரம் மேலெழ ஒரு காரில் இருக்கும் இடமே கிட்டத்தட்ட 10 செ.மீ.தான். முதல் பள்ளம் வருவதற்குள்ளேயே அடிப்பகுதி தடுப்பு ரப்பரில் போய் முட்டிவிடும்.

செடானில் இது இவ்வளவு மோசமாகத் தெரியாது, ஏனென்றால் அதில் சுமை என்பது பெரும்பாலும் மனிதர்கள். அவர்கள் எடை முன்பின் இரண்டு அச்சுகளுக்கும் பங்கு போகிறது. எஸ்டேட்டில் சரக்கு பின் அச்சுக்கு மேலும், அதற்குப் பின்னாலும் உட்காருகிறது. டி-மாடலில் பின்னோக்கிப் பார்த்து உட்காரும் மூன்றாவது இருக்கை வரிசையையும் விரும்பினால் வாங்க முடிந்தது. அதில் அமரும் இரண்டு குழந்தைகளின் எடையும் அச்சுக்குப் பின்னால்தான். நெம்புகோல் போல அது முன்பக்கத்தைத் தூக்கக்கூடப் பார்க்கும்.

கெட்டியான ஸ்பிரிங் போட்டால் போதாதா? லாரிகளில் செய்வது அதுதான். காலி லாரி சாலையில் துள்ளித் துள்ளிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரளவு மட்டும் கெட்டியாக்கி, மேலே சொன்ன அதே சுமைக்கு 6 செ.மீ. மட்டும் தாழும்படி செய்வோம் என்றாலும் ஒரு பிரச்சினை மிச்சமிருக்கிறது. முன்பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் இந்தக் காரில் 2.8 மீட்டர். பின்பக்கம் 6 செ.மீ. தாழ்ந்தால் காரின் மூக்கு மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் வானத்தைப் பார்க்கிறது. தாழ்வெளிச்சத்தில் (லோ பீம்) ஹெட்லைட்டை மீட்டருக்கு 1 செ.மீ. கீழே இறங்கும்படிதான் வைப்பார்கள். கழித்துப் பாருங்கள்: இறங்க வேண்டிய வெளிச்சம் இப்போது மீட்டருக்கு 1 செ.மீ. ஏறுகிறது. 50 மீட்டர் தூரத்தில் விளக்கின் உயரத்தைவிட அரை மீட்டர் கீழே விழ வேண்டியது, அரை மீட்டர் மேலே போய் எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கிறது. எனக்கு இந்த அமைப்பின் மேல் இருக்கும் மரியாதைக்கு முதல் காரணம் இதுதான். உள்ளே இருப்பவரின் சொகுசுக்காகச் செய்தது, முகம் தெரியாத இன்னொருவரையும் காப்பாற்றுகிறது.

சரி, பென்ஸ் பொறியாளர்கள் என்ன செய்தார்கள்?

ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. எடையைத் தாங்குவது ஒன்று, குலுக்கலை வாங்கிக்கொள்வது இன்னொன்று. மேலே பார்த்த சிக்கல் எல்லாம் ஒரே ஆள் இரண்டு வேலையையும் பார்ப்பதால் வருவது. டி-மாடலின் பின்பக்கத்தில் இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். காலிக் காரின் எடையில் பெரும்பங்கை வழக்கமான எஃகு ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. ஒவ்வொரு பக்கமும், ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஆயில் நிரம்பிய ஒரு தூண் இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய், ஆரஞ்சுப் பழத்தைவிடச் சற்றுப் பெரிய ஓர் உலோகக் குண்டுக்குப் போகிறது. குண்டின் நடுவே ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் அழுத்தி அடைத்த நைட்ரஜன்.

ஆயில் அமுங்காது, நைட்ரஜன் அமுங்கும். சக்கரம் மேட்டில் ஏறும்போது தூணுக்குள் போகும் தண்டு ஆயிலைத் தள்ள, ஆயில் சவ்வைத் தள்ள, வாயு அமுங்கி மறுபடி விரிகிறது. அதாவது வாயுதான் இங்கே இரண்டாவது ஸ்பிரிங். அதற்கு எஃகிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. 1662-ல் ராபர்ட் பாயில் சொன்னபடி, அழுத்தம் இரட்டிப்பானால் வாயுவின் கன அளவு பாதியாகும். அழுத்தமும் கூடி இடமும் குறைவதால், அதன் கெட்டித்தன்மை நான்கு மடங்காகிறது. சுமை ஏற ஏற இந்த ஸ்பிரிங் தானாகவே கெட்டியாகிறது. எஃகு மட்டும் இருந்தால் சுமை ஏறும்போது ஆட்டம் தளர்ந்து மெதுவாகும். வாயு மட்டும் இருந்தால் ஆட்டம் வேகமாகி விறைப்பாகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது.

இனி உயரம். என்ஜினால் சுழலும் ஒரு சிறிய பம்ப், தொட்டியிலிருந்து ஆயிலை எடுத்துப் பின்பக்கம் இருக்கும் வால்வுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கார் சரியான உயரத்தில் இருந்தால் வால்வு அதை அப்படியே தொட்டிக்குத் திருப்பிவிடும். பின்பக்கம் தாழ்ந்தால் வால்வின் கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்து, ஆயில் தூண்களுக்குள் போகும், கார் எழும். சுமையை இறக்கினால் கைப்பிடி மறுபக்கம் சாயும், ஆயில் வெளியேறும், கார் பழைய உயரத்துக்கு இறங்கும்.

அந்தக் கைப்பிடியை எதனோடு இணைத்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏதாவது ஒரு சக்கரத்தோடு இணைத்திருந்தால், வளைவில் கார் சாயும்போது அந்தப் பக்கம் சுமை ஏறிவிட்டதாக வால்வு ஏமாந்திருக்கும். எனவே இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பியின் நடுப்பகுதியில் இணைத்தார்கள். வளைவில் ஒரு சக்கரம் ஏற, மற்றது இறங்க, கம்பி முறுக்கிக்கொள்ளுமே தவிர நடுப்பகுதி திரும்பாது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் மட்டும் நடுப்பகுதி திரும்பும். இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் கணக்கை ஓர் இரும்புக் கம்பி செய்துவிடுகிறது. சாலையின் குலுக்கல்களோ நொடிக்கு ஒருமுறை வந்துபோகிறவை. ஆயில் நகர்வது அதைவிட மெதுவாக என்பதால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துவிட, நிலையான சுமை மட்டுமே மிஞ்சுகிறது.

ஆயிலையும் வாயுவையும் வைத்துக் காரைத் தாங்கும் யோசனை பென்ஸுடையது அல்ல. சிட்ரோயன் நிறுவனத்தின் பால் மாஜெஸ் உருவாக்கிய அமைப்பு 1954-ல் ஒரு காரின் பின் சக்கரங்களுக்கும், 1955-ல் டிஎஸ் காரின் நான்கு சக்கரங்களுக்கும் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் சிட்ரோயன் எக்ஸ்எம் எஸ்டேட் அதன் வாரிசு. அதில் எஃகு ஸ்பிரிங்கே கிடையாது, முழு எடையும் வாயுவின் மேல்தான். மிதப்பதில் அதற்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அழுத்தம் போனால் கார் தரையோடு படுத்துவிடும். பென்ஸில் எஃகு ஸ்பிரிங் இருப்பதால் ஆயில் முழுக்கப் போனாலும் கார் நிற்கும், ஓடும்.

1993-ல் வந்த வால்வோ 850 எஸ்டேட்டுக்கு இன்னொரு வழி இருந்தது. விரும்புபவர்களுக்கு நிவோமாட் என்ற தூண்களைப் பொருத்திக் கொடுத்தார்கள். பம்ப், குழாய், தொட்டி எதுவும் வெளியே இல்லை, எல்லாம் தூணுக்குள்ளேயே. தண்டு உள்ளீடற்றது, அதற்குள் ஒரு மெல்லிய பம்ப் தண்டு. சாலையில் கார் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அது கொஞ்சம் ஆயிலைக் குறைந்த அழுத்த அறையிலிருந்து உறிஞ்சி அதிக அழுத்த அறைக்குத் தள்ளும். ஓரிரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் பின்பக்கம் தன் உயரத்துக்கு வந்துவிடும். வந்ததும் பம்ப் தண்டில் இருக்கும் ஒரு திறப்பு வழிவிட, தள்ளிய ஆயில் வந்த வழியே திரும்பிவிடும். மேடுபள்ளத்தில் வெப்பமாக வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக் காரைத் தூக்குகிறது என்பதால், அறிவியலாகப் பார்த்தால் இதுவே அழகு. நின்ற இடத்தில் எழ முடியாதது ஒன்றுதான் குறை.

இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் டி-மாடல்களில் வரும் ஒரு பழுது, அந்த வேலைப் பிரிவினையைக் கண்முன் காட்டும். வருடங்கள் போகப் போக நைட்ரஜன் சவ்வைக் கடந்து மெல்ல மெல்லக் கசிந்துவிடும். அப்போதும் கார் மட்டமாகவே நிற்கும். சுமை ஏற்றினால் தாழும், என்ஜினைப் போட்டால் எழும். பம்பும் வால்வும் நன்றாக இருப்பதால் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஓட்டினால் மட்டும் பின்பக்கம் கட்டைவண்டி போல விறைத்துக்கொண்டு குதிக்கும், ஏனென்றால் குண்டுக்குள் இப்போது வாயுவின் இடத்தையும் ஆயில் பிடித்துக்கொண்டது. சக்கரம் தள்ளும் ஆயிலுக்குப் போக இடமில்லை. தெரியாதவர்கள் ஸ்பிரிங்கையும் தூண்களையும் சந்தேகப்பட்டு மாற்றிவிடுவார்கள். மாற்ற வேண்டியது அந்த இரண்டு குண்டுகளை.