ஆம்பை மாற்றும் முன் ஒயரை அளந்து பாருங்கள்

பெட்டியிலிருந்து கழற்றிய வூஃபரின் (பாஸ் ஸ்பீக்கரின்) கோனை விரலால் மெல்லத் தட்டுங்கள். ‘தொம்ம்’ என்று இழுத்து அடங்கும். அப்புறம் அதன் இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டுத் தட்டுங்கள். ‘டொக்’ என்று சட்டென நின்றுவிடும். கோன் ஆடும்போது அதோடு ஒட்டி காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் தானே மின்சாரம் உண்டாக்குகிறது. ஓட வழி கிடைத்தால் அந்த மின்னோட்டமே கோனைப் பிடித்து நிறுத்தும். ஆம்ப்ளிஃபயரில் (ஆம்பில்) மாட்டிய ஸ்பீக்கருக்கு அந்த வழி ஒயரும் ஆம்பும்தான். வழியில் ரெசிஸ்டன்ஸ் கூடினால் பிடி தளரும்.

டேம்பிங் ஃபேக்டர் 400 என்று போட்ட ஆம்பைத் தேடி வாங்குகிறார்கள். ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் உள் ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் வரும் எண் அது; 8 ஓம் ஸ்பீக்கருக்கு 400 என்றால் ஆம்புக்குள் 0.02 ஓம் என்று கணக்கு. சரி, ஒயர்? 0.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரை 20 மீட்டர் இழுத்தால், போக வர 40 மீட்டர், கிட்டத்தட்ட 1.5 ஓம். ஸ்பீக்கர் முனையில் 400 வெறும் 5 ஆகிவிடும்.

8 ஓம் என்று போட்ட ஸ்பீக்கரிலும் வாய்ஸ் காயிலின் கம்பிக்கே சுமார் 6 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருப்பதால், ஆம்ப் 400 ஆனாலும் 100 ஆனாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒயரின் 1.5 ஓம் அந்த ஆறில் கால்பங்கு. பாஸ் குழையும், ஸ்பீக்கருக்குப் போகும் பவரும் சுமார் 30 சதவீதம் குறையும். 4 ஓம் ஸ்பீக்கரில் இன்னும் மோசம்.

“பாஸ் கொளகொளன்னு இருக்கு, ஆம்பை மாத்திடலாமா?” என்று மண்டபங்களிலிருந்து கேட்பார்கள். நான் முதலில் ஒயரை இரு பக்கமும் கழற்றி, ஸ்பீக்கர் முனையை ஷார்ட் செய்து, மறுமுனையில் மல்டிமீட்டர் வைப்பேன். புரோபுகளை ஒட்டினால் காட்டும் எண்ணைக் கழித்துவிட வேண்டும். ஒரு மண்டபத்தில் சீலிங்குக்கு மேலே இருந்த ஜாயின்ட்டின் டேப்பைப் பிரித்தால், வெறுமனே முறுக்கிவிட்ட இழைகள் கறுத்துக் கிடந்தன. ஒயரை அசைக்க அசைக்க மீட்டரில் எண் குதித்தது. இந்த நிலையில் புது ஆம்புக்குப் பணம் கொடுப்பதை நினைத்தால் எனக்கு வயிறெரியும்.

அதே 20 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.3 ஓம்தான் வரும். சாதாரணச் செம்பு போதும். விலை கூடிய ‘ஆடியோ கேபிள்’ வேண்டாம். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரையும் செம்பு போலவே காட்டி விற்கிறார்கள். அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வாங்கும்போது ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். முடிந்தால் ஸ்பீக்கர் ஒயர் குட்டையாகும்படி ஆம்பை மேடைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மிக்சரிலிருந்து ஆம்புக்கு சிக்னல் கொண்டுவரும் லைன் ஒயரை நீளமாக இழுத்துக்கொள்ளுங்கள்.